ஓவியம் விற்றுக் காட்டுயிர்களுக்கு நிதி திரட்ட முடியுமா, நேராக நன்கொடை கேட்பது மேலா?

கேட்டவர் தனக்கு நீர்வண்ண ஓவியம் நன்றாக வரும் என்றும், அதை விற்று வரும் பணத்தைக் காட்டுயிர் பாதுகாப்புக்குத் தர ஆசை என்றும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

முடியும். ஏழு வருடமாகச் செய்து வருகிறேன். கோவையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பெரிய தொகை எதுவும் திரட்டியவன் இல்லை. ஆனால் எங்கே பணம் கரைகிறது, எங்கே நிற்கிறது என்று கைப்படத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. "காட்டுயிர் பாதுகாப்புக்கு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் காசு எடுக்க மாட்டார்கள். நீங்கள் போய்ப் பார்த்து, இன்ன ஊரில், இன்ன ஆட்களுக்கு, இன்ன பொருள் தேவை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஆனைமலைக் காட்டில் கிடைத்தது. ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், வனச்சரகரின் அனுமதியோடு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவருடன் அரை நாள் நடந்தேன். திரும்பி முகாமுக்கு வந்ததும் மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். கணுக்காலைச் சுற்றி அட்டைகள். அவர் எண்ணக்கூட இல்லை. ஒரு துணியில் உப்பை முடிந்து தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒற்றினார், அது சுருண்டு விழுந்தது. காலுறை விரலிடத்தில் சிவப்பாக நனைந்திருந்தது. முழங்கால்வரை வரும் கெட்டித் துணிக் காலுறை ஒன்று இருக்கிறது, நெருக்கமான நெசவு என்பதால் அட்டை உள்ளே நுழையாது. சுற்றுலா வருபவர்கள் போட்டுக்கொண்டு வருவார்கள். இவர்களிடம் அது இல்லை. ஊர்த் தையல்காரரிடம் கேட்டேன். ஜோடி 180 ரூபாய் என்றார்.

பெரிய வேலைகளுக்கு அரசு இருக்கிறது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்குத் தனித் திட்டமே வைத்திருக்கிறது. 2022 இறுதியில் தமிழக அரசு அதற்கு 25 கோடிக்கு மேல் ஒதுக்கியது. அந்த அளவு வேலையை நாம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். 180 ரூபாய்க் காலுறை மாதிரியான இடைவெளிகள்தான் நம் கைக்கு எட்டுபவை.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன். முதல் தடவை நாலு நண்பர்கள் சேர்ந்து கோவையில் கண்காட்சி வைத்தோம். இரண்டு நாள் மண்டப வாடகை 12,000. 24 ஓவியங்களுக்குச் சட்டம் (ஃபிரேம்) போட 16,800. அழைப்பிதழ், காபி என்று 2,200. ஆக 31,000 ரூபாய். கூட்டம் நன்றாகவே வந்தது. பாராட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். விற்றது ஐந்து ஓவியம், வந்தது 34,000. மிச்சம் மூவாயிரம். வாசலில் சும்மா வைத்திருந்த உண்டியலை உடைத்தால் அதில் 6,350 ரூபாய். கேட்காமல் வைத்த உண்டியல், ஆறு மாதம் வரைந்த படங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்தக் கணக்கில் இருக்கிறது. பணம் மட்டும்தான் குறி என்றால் நேராக நன்கொடை கேளுங்கள். நன்கொடைக்குச் சட்டம் போட வேண்டாம், மண்டபம் வேண்டாம். கலைக்குச் செலவு உண்டு. கலை என்ன செய்கிறதென்றால், ஆனைமலை எந்தப் பக்கம் என்றே யோசித்திராத ஒருவரின் வீட்டுக்குள் அந்தக் காட்டைக் கொண்டுபோய் வைக்கிறது. நன்கொடை அதற்கு அப்புறம் வருகிறது.

அடுத்த வருடம் நாள்காட்டி போட்டோம். நம் ஊரில் மளிகைக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாரும் புத்தாண்டுக்கு இலவசமாக நாள்காட்டி கொடுக்கும்போது யார் 250 ரூபாய் கொடுத்து வாங்குவார்கள்? பொங்கல் தாண்டியதும் மீந்தது எல்லாம் வெறும் காகிதம். தயவுசெய்து நாள்காட்டி போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்னால் கையை விட்டுப் போய்விட வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது தாம்பூலப் பை. ஒரு தோழியின் தங்கை கல்யாணத்துக்குத் துணிப் பை தேடிக்கொண்டிருந்தார்கள். "தேங்காய் போடுகிற பையில் இருவாச்சி இருந்தால் என்ன?" என்று தோழி கேட்டாள். இருவாச்சி ஆனைமலைக் காட்டில் இருக்கும் பெரிய அலகுள்ள பறவை. திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் பேசினோம். இரண்டே நிறம், கறுப்பும் மஞ்சளும். பை, அச்சு எல்லாம் சேர்த்து அடக்கம் 60 ரூபாய். கல்யாண வீட்டார் 110 ரூபாய் கொடுத்தார்கள். 300 பையில் 15,000 ரூபாய் நின்றது. 40 காவலர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடிக் காலுறை 14,400. மீதி 600 பார்சலுக்கும் பஸ்ஸுக்கும் போயிற்று. இந்தக் கணக்கை அப்படியே ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பையிலும் வெற்றிலை பாக்கோடு போட்டோம். அந்தக் கல்யாணத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு போன் செய்தார். மாதம் 500 ரூபாய் இன்றுவரை அனுப்புகிறார். பை கொடுத்ததைவிட அவர் கொடுத்ததுதான் இப்போது அதிகம்.

பைக்கான படத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருவாச்சியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், கீற்றுப் போல ஒரு சின்னத் துளை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். அந்தக் காட்சியைத்தான் வரைந்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அந்த மூத்த காவலரிடம் காட்டினேன். அவர் காடர் இனத்தவர், சிறுவயதிலிருந்து அந்த மரங்களை அறிந்தவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பொந்துக்குள் தெரிந்த முகத்தின் மேல் விரலை வைத்தார். "சார், உள்ள இருக்கிறது பொட்டை. கண்ணு வெள்ளையா இருக்கணும். நீங்க ரெண்டுக்கும் சிவப்பு போட்டிருக்கீங்க." ஆணுக்குத்தான் சிவப்புக் கண். அச்சு இரண்டு நிறம்தான், கண்ணில் சிவப்பு வரப்போவதில்லை. ஆனாலும் பெண்ணின் கண்ணைத் துணியின் வெள்ளையாகவே விட்டு, ஆணின் கண்ணை நிரப்பி மாற்றினேன். காட்டில் இருப்பவரிடம் காட்டாமல் எந்தப் படத்தையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். பைகள் வந்ததும் அவர் ஒன்றை வாங்கி முதலில் அந்தக் கண்ணைத்தான் பார்த்தார்.

இந்த வழியில் எங்களைவிட எவ்வளவோ பெரிதாக, எவ்வளவோ யோசித்துச் செய்யப்பட்ட வேலை ஒன்று நம் நீலகிரியிலேயே இருக்கிறது. உண்ணிச்செடித் தண்டில் செய்த யானைச் சிற்பங்கள். 2024 பிப்ரவரியில் பெங்களூர் லால்பாக்கில் அவற்றைப் பார்த்தேன். உண்ணிச்செடி ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கச் செடி. இன்று முதுமலை, பந்திப்பூர் என்று காடு முழுக்கப் பரவி, புல்லையும் மற்ற செடிகளையும் வளரவிடாமல் மூடிவிட்டது. யானையும் மானும் அதைத் தின்பதில்லை. கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகக் கலைஞர்கள் அந்தச் செடியை வெட்டி, தண்டுகளைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, பட்டையை உரித்து, வளைகிற பதத்தில் இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் ஆணியடித்து உயிரளவு யானை செய்கிறார்கள். கற்பனை யானை இல்லை. ஒவ்வொன்றுக்கும் கூடலூர்ப் பக்கம் உண்மையில் நடமாடும் ஒரு யானை மாதிரி. அதனால்தான் ஒன்றின் காது ஒரு பக்கம் மடங்கியும் இன்னொன்றின் முதுகு வேறு வளைவிலும் இருந்தது. நான் ஒரு குட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, வயிற்றின் வளைவில் தண்டுகள் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்தேன். விரல் தடிமன் தண்டுகள், தோல் சுருக்கம் ஓடும் திசையிலேயே ஓடின. யானையைத் தினமும் பார்ப்பவர் கைக்குத்தான் அது வரும்.

அந்த யானைகள் 2021 கோடையில் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 ஜூலையில் அமெரிக்காவில் நியூபோர்ட்டில் தொடங்கி நியூயார்க், மயாமி பீச் என்று ஊர் ஊராகப் போயின. குட்டிக்கு 8,000 டாலரும் பெரிய கொம்பனுக்கு 22,000 டாலரும் விலை. அந்தப் பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உதவும் வேலைகளுக்குப் போகிறது. எனக்கு இதில் பிடித்தது தொகை இல்லை. விற்பதற்கு முன்பே இங்கே பாதி வேலை முடிந்துவிடுகிறது. செடி காட்டைவிட்டுப் போகிறது, யானையோடு வாழும் மக்களுக்குக் கூலி கிடைக்கிறது. ஒரு யானைகூட விற்காமல் போனாலும் அந்த இரண்டும் நடந்திருக்கும். என் கண்காட்சியில் ஒரு ஓவியமும் விற்காமல் போயிருந்தால் காட்டுக்கு ஒரு பைசா பயன் இருந்திருக்காது. உங்களால் முடிந்தால் இந்தத் திசையில் யோசியுங்கள். கர்நாடகத்தில் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் மூங்கிலுக்குப் பதில் உண்ணித் தண்டில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். அப்படி ஒருவரோடு சேர்ந்து நீங்கள் வடிவம் கொடுக்கலாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிற 16 வயது நிரம்பிய எல்லாரும் தபால்தலை போன்ற ஒரு வாத்து முத்திரை வாங்க வேண்டும். முதல் முத்திரையை வரைந்தவர் ஜே டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். அன்று ஒரு டாலர், இப்போது 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கர் அளவுக்குக் காக்கப்பட்டிருக்கிறது. வருடா வருடம் போட்டி வைத்துப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெயித்தவருக்கு அரசு தரும் பரிசுப் பணம் எதுவும் கிடையாது, தன் படம் அச்சான முத்திரைத் தாள் ஒன்று கையெழுத்தோடு கிடைக்கும். அதற்கே ஓவியர்கள் வருடம் முழுக்க உழைக்கிறார்கள். தனி ஆளாகச் செய்தவர் என்றால் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட். 1973-இல் ஒரு புலி ஓவியத்தின் மூலம் 1,27,000 பவுண்டு திரட்டி நம் நாட்டுப் புலிகளுக்காகக் கொடுத்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய வருடம் அது.

இனிப் பண விஷயம். முதல் வருடம் எல்லாப் பணத்தையும் என் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கினேன். அது தவறு. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஆனால் எது என் காசு, எது காட்டின் காசு என்று பிரித்தெடுக்க எனக்கே ஒரு வாரம் ஆயிற்று. பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து, பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி (80ஜி என்பார்கள்) அவர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிக்கழிவு கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மனத்தாங்கல் வரும்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது இன்னும் கவனம். துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை கொடுத்தால் ஆகும், அவர் பிறந்தது பொள்ளாச்சி என்றாலும் ஆகும். அதை வாங்க அந்த அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பெரும்பாலான சின்ன அமைப்புகளுக்கு இருக்காது. அத்தையிடம் பணம் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் விலை கொடுத்து ஓவியம் வாங்குவது வேறு விஷயம், ஆனால் அதையும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டின் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு நாள் முகாமுக்கு வர அனுமதி கேளுங்கள். பென்சிலும் நோட்டும் மட்டும் எடுத்துப் போங்கள், வண்ணம் வேண்டாம். மழைக்காலம் என்றால் உப்பு முடிந்த துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் காவலரிடம் இந்த மாதம் என்ன பொருள் தீர்ந்துபோயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லும் பொருளின் விலையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் வரைய ஆரம்பியுங்கள்.