ப்ராஜெக்ட்டும் பைண்டிங்கும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம் மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல், அதாவது ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிடும் பாடம், நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர். இனிமேல் ப்ராஜெக்ட் வழியாகத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஐந்து யூனிட்டை முடிப்பதற்கே மூச்சு வாங்குகிறது. குழு பிரித்தால் ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வார்கள். சயின்ஸ்காரர்களுக்கு லேப் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? இது நடக்கிற காரியமா?

எம்., காரைக்குடி

அன்புள்ள எம்.,

நடக்கும். ஆனால் இப்போது நம் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் என்ற பெயரில் நடப்பதை அப்படியே வைத்துக்கொண்டு நடக்காது. பாடமெல்லாம் முடிந்து, கடைசி செமஸ்டரில் தடிமனாக ஒரு பைண்டிங், தங்க எழுத்து, பத்து நிமிட வைவா. ஒரு வைவாவில் என் கைக்கு வந்த புத்தகத்தின் நன்றியுரை வேறொரு கல்லூரி முதல்வருக்கு இருந்தது! முன்பெல்லாம் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இப்போது சாட்ஜிபிடி சும்மாவே எழுதித் தருகிறது. உங்களிடம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. வேலை முதலில் வரும். அதில் பிள்ளைகள் திணறுகிற இடத்தில் பாடம் வரும்.

இது புதுசும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த கில்பாட்ரிக் இந்த முறையைப் பற்றி 1918இலேயே எழுதிவிட்டார். டென்மார்க்கில் 1974இல் தொடங்கிய ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் செமஸ்டரில் ஏறக்குறைய பாதி குழு ப்ராஜெக்ட்டுக்குத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? அந்தக் காலத்தில் பர்மாவில் செட்டியார் வட்டிக்கடைக்கு வேலை பழகப் போன நம்மூர்ப் பெட்டியடிப் பையன் எந்த வகுப்பில் உட்கார்ந்து பேரேடு படித்தான்? கடையில் எழுதி எழுதி உதவியாளனான அடுத்தாளானான், அப்புறம் கடையையே நடத்துகிற மேலாளானான். அதற்காக அந்த முறையையே கல்லூரிக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. எப்படி எழுதுவது என்று கடை கற்றுக்கொடுத்தது. ஏன் அப்படி எழுதவேண்டும் என்று கேட்க வைப்பது உங்கள் வேலை.

உங்களுக்கு லேப், டைல்ஸுக்குப் பேர்போன பக்கத்து ஊர் ஆத்தங்குடியில் இருக்கிறது. ஒரு டைல்ஸ் பட்டறையில் போய் நில்லுங்கள். கண்ணாடித் துண்டின்மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை நலுங்காமல் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தால் கண்ணாடி விட்டுக்கொண்டு வரும். கண்ணாடி பட்ட பக்கம்தான் வழவழப்பான மேல்பக்கம்.

இப்போது மாணவர்களிடம் ஒரே கேள்வி: இந்த ஒரு டைல்ஸ் கல்லின் அடக்கவிலை என்ன?

சிமெண்ட், மணல், வண்ணம் என்று முதல் நாளே எழுதிவிடுவார்கள். சிக்கல் அப்புறம் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுகிற கண்ணாடியை எந்தக் கணக்கில் வைப்பது? ஒரு டிசைனுக்கு மட்டும் செய்த அச்சின் செலவை எத்தனை கல்லுக்குப் பங்கு போடுவது? உடைந்த கல்லை என்ன செய்வது? வழக்கமாக உடைவது சாதாரண நஷ்டம், அதை நல்ல கல்லின் விலையில் ஏற்ற வேண்டும். எதிர்பாராத மழையில் ஒரு அடுக்கே வீணானால் அசாதாரண நஷ்டம், அது அடக்கவிலையில் சேராமல் லாப நட்டக் கணக்குக்குப் போகும். சரி, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? புத்தகக் கணக்கில் சாதாரண நஷ்டம் ஐந்து சதவீதம் என்று கொடுத்தே விடுவார்கள். பட்டறையில் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள், இவர்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். செலவுப் பங்கீடு, செயல்முறை அடக்கவிலை என்ற இரண்டு யூனிட்டும் அங்கேயே வந்துவிட்டன. எனவே ஐந்து யூனிட்டையும் மாற்றாதீர்கள். இந்த இரண்டை மட்டும் இப்படி நடத்துங்கள். மிச்சத்தைப் பழையபடி கரும்பலகையில் நடத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 60 பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்காதீர்கள். பட்டறையில் கை நின்றால் யாருடைய கூலியோ குறையும். செல்ஃபி எடுக்க வந்த கூட்டத்தைப் பார்த்து அவர்களுக்கும் அலுத்துப்போயிருக்கும். கேட்டு அனுமதி வாங்கி, வெவ்வேறு பட்டறைகளுக்கு நான்கு நான்கு பேராக அனுப்புங்கள். கடைசியில் அடக்கவிலைப் பட்டியலைப் பட்டறைக்காரரிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். "இது தப்பு தம்பி, வண்ணம் இவ்வளவு செலவாகாது" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஈடாக மாட்டார். பட்டறைக் கணக்கு வெளியே போகக்கூடாது என்றால், அந்த எண்களை வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் போட்டுக்கொள்கிற சிக்கல் எல்லா ஊரிலும் உண்டு. ப்ராஜெக்ட்டுக்குக் குழுவாகத் தேர்வு வைப்பதை டென்மார்க் அரசே ஒரு கட்டத்தில் தடைசெய்து, சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அனுமதித்தது. உங்களுக்கு நான் சொல்வது: அறிக்கைக்கு மார்க்கைக் குறையுங்கள். நான்கு பேரில் யார் பதில் சொல்வது என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சீட்டு வந்தவரிடம், "கண்ணாடியை ஏன் இந்தக் கணக்கில் வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பட்டறைக்குப் போகாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். வாராவாரம் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் வாங்குங்கள். போன வாரம் போட்ட விலை இந்த வாரம் ஏன் மாறியது என்று அதில் இருக்கவேண்டும். அதற்குத்தான் இன்டர்னல் மார்க்.

இதெல்லாம் உங்களுக்கு வேலை அதிகம்தான். 15 குழுவின் குறிப்பையும் படித்தாக வேண்டும். அதற்கு வாரத்தில் இரண்டு பீரியடை ஒதுக்கித் தரச் சொல்லி, உத்தரவு போட்டவர்களிடமே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கல் காயாது, பட்டறையில் பார்க்க ஒன்றும் இருக்காது.

அன்புடன்