பத்து வைனரிக்கு ஒரு சனிக்கிழமை போதுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் நாங்கள் ஐந்து நண்பர்கள், அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதிக்குக் காரில் சென்றுவரத் திட்டமிட்டுள்ளோம். சனிக்கிழமையே செனக்கா, கயூகா, கியூக்கா ஆகிய மூன்று ஏரிகளையும் சுற்றி, வைன் தயாரித்துச் சுவைக்கவும் தரும் பத்து வைனரிகளைப் பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் திரும்பலாம் என்பது எண்ணம். எங்களில் ஒருவர் குடிப்பதில்லை, அவரே ஓட்டுவார். அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன்தான் பேர்போனது, அதுவும் இனிப்பு என்கிறார்கள். எங்களுக்கோ சிவப்புதான் பிடிக்கும். போவது வீணா?

பதில்: போவது வீணில்லை. போட்டிருக்கும் திட்டம்தான் வீண்.

வரைபடத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். செனக்கா ஏறத்தாழ 38 மைல் நீளமுள்ள ஏரி. அதன் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. மேற்குக் கரையின் நடுவில் நின்றுகொண்டு எதிர்க்கரைத் தோட்டத்துக் கொடிவரிசைகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர வடக்கே ஜெனீவா ஊரையோ தெற்கே வாட்கின்ஸ் கிளென் ஊரையோ சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டியாக வேண்டும். கயூகாவும் கிட்டத்தட்ட அதே நீளம். மூன்று ஏரிகளையும் ஒரே நாளில் சுற்றினால் நீங்கள் நன்றாகப் பார்க்கப்போவது கார் நிறுத்துமிடங்களைத்தான்.

அடுத்தது குடிக்கணக்கு. ஒரு வைனரியில் நான்கைந்து வகைகளை ஊற்றித் தருவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. பார்வைக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஐந்து வகை சேர்ந்தால் ஒரு முழுக் கிளாஸ், ஐந்து கிளாஸ் சேர்ந்தால் ஒரு பாட்டில், பத்து வைனரி என்றால் ஆளுக்கு இரண்டு பாட்டில். வைன் சுவைக்கும் கூடங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் மூடிவிடும் என்பதால் இவ்வளவும் பகல் பொழுதுக்குள் உள்ளே போகும். நம் ஈரலோ மணிக்கு ஒரு கிளாஸ் அளவைச் செரிப்பதற்கே திணறும். ஐந்தாவது இடத்தைத் தாண்டிய பிறகு உங்கள் நாக்குக்கு ரீஸ்லிங்கும் ஒன்றுதான், திராட்சைச் சாறும் ஒன்றுதான். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேசைமேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். காசு கொடுத்ததைத் துப்புவதா என்று நம்மவர்கள் அதைப் பூச்சாடியைப் போல ஒதுக்கிவைப்பதுதான் வழக்கம். வைன் தொழிலில் இருப்பவர்கள் கூச்சமில்லாமல் அதைத்தான் முதலில் கிட்டே இழுத்துக்கொள்வார்கள்.

குடிக்காத நண்பர்தானே ஓட்டுகிறார், எங்களுக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நாலு மணிக்கு மேல் கிழக்கும் மேற்குமாக ஓட்டிக் களைத்துப்போன அவர், அடுத்த ஊர் வரைக்கும் யாராவது ஓட்டுங்களேன் என்று கேட்பார். தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று ஒருவர் சாவிக்குக் கை நீட்டுவார். நியூயார்க் சட்டத்தில் இரத்தத்தில் மது 0.08 விழுக்காட்டை எட்டினால் குற்றம் என்பது பலருக்கும் தெரியும், 0.05 விழுக்காட்டைத் தாண்டினாலே ஓட்டும் திறன் குறைந்தவர் என்று அபராதமும் உரிம இடைநிறுத்தமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பின்னிருக்கையில் திறந்த பாட்டிலை வைத்திருப்பதும் அங்கே குற்றமே. உங்களில் யாராவது விசாவில் இருப்பவரானால் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், தீர்ப்பு வருவதற்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு, அது பயன்படுத்தப்பட்டும் வருகிறது. போதாக்குறைக்கு, பென் யான் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் குதிரை வண்டிகள் போய்வருகின்றன. மேடேறி இறங்கும்போது திடீரென்று முன்னால் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் அந்த நண்பருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. நாள் முழுக்க மற்றவர்கள் முகர்வதையும் சுழற்றுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கவா அவர் வருகிறார்? நால்வரும் பணம் போட்டு சனிக்கிழமைக்கு ஓட்டுநரோடு ஒரு வேனை அமர்த்துங்கள், அந்த நண்பரும் பயணியாக வரட்டும். வாட்கின்ஸ் கிளென் அரசுப் பூங்காவில் பாறைப் பிளவுக்குள் 19 அருவிகளை ஒட்டி ஏறும் படிப்பாதை இருக்கிறது. காலையில் முதல் வேலையாக எல்லோரும் அங்கே போங்கள். நாக்கு தெளிவாக இருக்கும்போதே கால்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இனி ரீஸ்லிங். அந்த மண்ணில் அது நன்றாக வருவதற்கு ஏரிதான் காரணம். பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை; செனக்காவின் ஆழம் 618 அடி. அத்தனை ஆழமுள்ள நீர் கோடையின் வெப்பத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால், கடுங்குளிர்காலத்திலும் ஏரி பெரும்பாலும் உறையாமல் கரையோரச் சரிவுகளுக்குக் கதகதப்பை ஊட்டுகிறது. வசந்தத்தில் அதே நீர் குளிர்ந்தே கிடந்து கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்ப்பதைத் தள்ளிப்போடுவதால், பின்பனியில் தளிர் கருகும் ஆபத்தும் குறைகிறது. குளிர்ந்த காற்று சரிவு வழியே கீழே வழிந்துவிடும். தோட்டங்கள் எல்லாம் ஏரியைப் பார்த்தபடி சரிந்து கிடப்பது உங்கள் புகைப்படத்துக்காக அல்ல.

இவ்வளவு சாதகம் இருந்தும், ரீஸ்லிங் போன்ற ஐரோப்பியத் திராட்சை அந்தக் குளிரில் பிழைக்காது என்று வல்லுநர்கள் நெடுங்காலம் சாதித்தார்கள். அதை மறுத்தவர் உக்ரைனிலிருந்து 1951இல் அகதியாக வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க். ஒடெசாவில் திராட்சை வளர்ப்பில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஜெனீவா ஆய்வு நிலையத்தில் கிடைத்ததோ சில்லறை வேலை. இதைவிடக் கடுங்குளிரில் நாங்கள் வளர்த்திருக்கிறோம், ஏற்ற வேறொரு கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டினால் போதும் என்று அவர் சொன்னதை ஷார்ல் ஃபூர்னியே என்ற பிரெஞ்சு வைன் வல்லுநர் மட்டும் காதில் போட்டுக்கொண்டு வேலைக்கு எடுத்தார். 1962இல் ஃபிராங்க் கியூக்கா கரையில் சொந்த வைனரியைத் தொடங்கினார். இன்று நீங்கள் பட்டியல் போடும் இடங்களில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில் வந்தவையே. அவருடைய வைனரி இன்றும் இயங்குகிறது. பத்தில் ஒன்பதை அடித்தாலும் அதை அடிக்காதீர்கள்.

ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்பது அரைகுறைச் செய்தி. துளி இனிப்பில்லாததிலிருந்து பாகு போன்றது வரைக்கும் அந்த ஒரே திராட்சையில் உண்டு. பல பாட்டில்களின் பின்பக்க லேபிளில் இனிப்பின் அளவைக் காட்டும் ஒரு கோடு அச்சிடப்பட்டிருக்கும். அம்புக்குறி இடக்கோடியில் இருந்தால் இனிப்பே இல்லை என்று பொருள். அந்த முனையில் தொடங்குங்கள். எலுமிச்சைத் தோலின் மணமும், வாயில் எச்சில் ஊற வைக்கும் புளிப்பும், காரசாரமான நம் உணவுக்குச் சிவப்பைவிடப் பல மடங்கு பொருந்தும் என்பது என் கட்சி. சிவப்புதான் வேண்டும் என்றால் கேபர்னே ஃபிராங்க் என்ற திராட்சையின் வைனைக் கேளுங்கள்; கலிஃபோர்னியாவின் கனத்த சிவப்பை எதிர்பார்த்துவிட்டு, இது மெலிவாக இருக்கிறதே என்று ஊற்றித் தருபவரிடம் குறைப்படாதீர்கள். குளிர்ப்பிரதேசத்தின் சிவப்பு அப்படித்தான் இருக்கும்.

ஆகவே சனிக்கிழமை செனக்காவின் ஒரே கரை, 14ஆம் எண் சாலையை ஒட்டி மூன்று வைனரிகள், நடுவில் வயிறு நிறையச் சாப்பாடு. இரவு அங்கேயே தங்குங்கள். ஞாயிறு காலை கியூக்கா, ஃபிராங்கின் வைனரி ஒன்று மட்டும், அங்கே அந்தத் துப்பும் பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். பிறகு ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கிளென் கர்ட்டிஸ் அருங்காட்சியகம்; 1908இல் அவர் விமானம் பறக்கவிட்ட ஊர் அது. கயூகாவை அடுத்த முறைக்கு வையுங்கள். அக்டோபர் அறுவடைக் காலம், கூட்டம் நெரியும். ஐந்து பேராக முன்னறிவிப்பின்றிப் போய் நின்றால் பல இடங்களில் காத்திருக்கச் சொல்வார்கள். இந்த வாரமே நேரத்தைப் பதிவுசெய்துவிடுங்கள், வேனையும் சேர்த்து.