யாரோ ஓடவிட்ட உலகம்

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். செயற்திட்டத்துக்காக, இரை தேடி அலையும் சிறு உயிர்களைக் கணினிக்குள் செய்தோம். அவை யோசித்து முடிவெடுப்பதுபோலத் தெரிகிறது. உள்ளே இருப்பது நாங்கள் எழுதிய விதிகள் மட்டும்தான். "நாங்களும் யாரோ ஓடவிட்ட நிரல்தான்" என்கிறான் நண்பன். அம்மம்மாவோ, "எல்லாம் தலையெழுத்து, பிள்ளை" என்கிறா. அப்படியென்றால் எங்கள் தெரிவுக்கும் வாழ்வுக்கும் என்ன அர்த்தம்?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

நண்பரும் அம்மம்மாவும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. கணினிக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதால் கேள்வி மாறாது. இயற்கை விதிகளை மட்டும் வைத்தே பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் இதே சந்தேகத்தை எழுப்பிவிட்டார்.

கணித அறிஞர் ஜோன் கொன்வே வகுத்து 1970இல் வெளிவந்த 'உயிர் விளையாட்டு' உமக்குத் தெரிந்திருக்கும். சதுரக் கட்டங்கள் ஒவ்வொன்றும் உயிரோடோ வெறுமையாகவோ இருக்கும், படிப்படியாக விதிப்படி மாறும். உயிருள்ள கட்டத்தின் எட்டு அயலில் இரண்டோ மூன்றோ உயிரோடிருந்தால் அது தங்கும், இல்லாவிட்டால் சாகும். வெறுங்கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். தற்செயலுக்கு இடமே இல்லை. ஆனால் ஐந்தே கட்டங்களில் தொடங்கும் ஒரு வடிவம் அடங்க 1103 தலைமுறை, அதாவது 1103 படி, பிடிக்கிறது. விதியை எழுதியவருக்கே அது முன்கூட்டித் தெரியவில்லை. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லா வடிவத்துக்கும் பொருந்தும் குறுக்குவழியும் கிடையாது. ஏனென்றால் அந்தக் கட்டங்களுக்குள் முழுக் கணினியையே கட்டலாம். ஒரு நிரல் ஓடி முடிந்து நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று எல்லா நிரலுக்கும் பொதுவாகச் சொல்லும் முறை இல்லையென்று கணித அறிஞர் அலன் டியூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார்.

சரி, உமது முடிவும் ஏற்கெனவே தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீர் இருந்து யோசிக்காமல் அது பிறக்காது. அந்தக் கணக்கு உமக்குள்ளால்தான் ஓடியாக வேண்டும். "யோசித்தென்ன" என்று கைவிடுவதும் ஒரு முடிவுதான், மிக மோசமான முடிவு.

அப்புறம், நோக்கம். உருவாக்கியவரின் நோக்கம்தான் எங்கள் நோக்கமும் என்று ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? உங்கள் உயிர்களை நீங்கள் ஓடவிடுவது பரீட்சைப் புள்ளிக்காக. அவை தேடுவது இரையை. நாவலர் பிறந்த மண்ணில் இதற்கு வெளியே தேடிப்போகவும் வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் அநாதி, தொடக்கமற்றது. உயிரை இறைவன் படைக்கவில்லை. தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடல், மனம் முதலான கருவிகள், உலகம், நுகர்பொருள்களைக் கொடுக்கிறான், அதுவும் உயிரின் பொருட்டு. நிரல் எழுதியவனுக்காக உலகம் ஓடுகிறது என்ற நண்பரின் எண்ணத்துக்கு இது நேரெதிர். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. அம்மம்மாவிடமும் கேட்டுப் பாரும். தலையெழுத்தோடு அவ நிறுத்தமாட்டா.