துப்பாக்கிச் சட்டம் போடுவது ஊரா, மாநிலமா? – கேள்வி பதில்

அமெரிக்க நகரங்கள் துப்பாக்கி விஷயத்தில் தாங்களே சட்டம் போட முடியுமா என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். கொலராடோவில் இருந்துகொண்டு இந்த வழக்குகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

செல்வி, டல்லாஸ்: 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ரைஃபிள் விற்கக்கூடாது என்று நகர மன்றத்தில் ஒரு அம்மா கேட்டார். "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். நிஜமா, தட்டிக்கழிக்கிறார்களா?

நிஜம்தான். அமெரிக்க அரசியல் சாசனத்தில் மாநிலம் உண்டு, நகரம் இல்லை. நகரத்தை உண்டாக்குவது மாநிலம். நம் ஊரில் பஞ்சாயத்துக்கு அதிகாரம் மாநிலச் சட்டத்திலிருந்து வருவதுபோலத்தான். "துப்பாக்கி விஷயத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஊர்கள் தலையிட வேண்டாம்" என்று மாநிலம் சட்டம் போட்டால் அதைப் பிரீஎம்ப்ஷன் என்பார்கள். டெக்சாஸ் உட்பட 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது.

கார்த்திக், சிகாகோ: எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. உங்கள் பக்கத்து ஊர் மார்ட்டன் குரோவ் 1981-இல் கைத்துப்பாக்கியையே தடை செய்தது. மறு வருடமே ஜார்ஜியாவின் கென்னெசா, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இரண்டுமே ஊர் மன்றங்கள் எடுத்த முடிவு. மார்ட்டன் குரோவைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பிவிடும் என்று, துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கம் (NRA) மாநிலம் மாநிலமாகப் போய் பிரீஎம்ப்ஷன் சட்டங்களுக்காக உழைத்தது. நூற்றுக்கணக்கான நகர மன்றங்களோடு மல்லுக்கட்டுவதைவிட ஐம்பது சட்டமன்றங்களைப் பார்ப்பது அவர்களுக்கு எளிது.

மீனா, டென்வர்: அண்ணா, போல்டரில் தடை இருந்தும் 2021-இல் அந்தக் கடையில் சுட்டார்களே. பிறகு தடைக்கு என்ன அர்த்தம்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் நாட்களைக் கவனிப்பதில்லை. நம் கொலராடோவின் போல்டர் நகரம் 2018-இல் அசால்ட் ரைஃபிள்களையும் (ராணுவத் துப்பாக்கி மாதிரியான ரகங்கள்), 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களையும் தடை செய்தது. 2021 மார்ச் 12-ஆம் தேதி, மாநிலத்தின் 2003 பிரீஎம்ப்ஷன் சட்டத்துக்கு இது முரண் என்று நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மார்ச் 22 அன்று டேபிள் மெசா சாலையில் உள்ள கிங் சூப்பர்ஸ் மளிகைக் கடையில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் முதலில் உள்ளே ஓடிய போலீஸ் அதிகாரி. சில நாட்கள் கழித்து நான் அங்கே போனேன். கடையைச் சுற்றிய கம்பி வேலி முழுக்கப் பூக்களாக இருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். சுட்டவன் ஆர்வாடா என்ற வேறு ஊரைச் சேர்ந்தவன், துப்பாக்கி வாங்கியதும் அங்கேதான். போல்டர் சட்டம் அமலில் இருந்திருந்தாலும் அந்த விற்பனையை அது தொட்டிருக்காது. ஆகவே தடை இருந்திருந்தால் பத்துப் பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் ஊருக்கு என்ன தேவை என்று அந்த மக்கள் முடிவெடுத்தார்கள், அதை வைத்துக்கொள்ளவே விடவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

அதே வருடம் ஜூன் மாதம் கொலராடோ பிரீஎம்ப்ஷனை நீக்கியது. இப்போது ஊர்கள் மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையாகப் போகலாம், தளர்த்தத்தான் கூடாது. அப்புறம், உங்கள் டென்வரில் 1989-இலிருந்தே அசால்ட் ரைஃபிள் தடை உண்டு. 2006-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வாக்கு 3-3 என்று சமமாகப் பிரிந்ததால் அது தப்பித்தது.

நவீன், டாம்பா: இங்கே கவுன்சிலர்கள் துப்பாக்கி என்ற வார்த்தையைக்கூட எடுக்கப் பயப்படுகிறார்களே?

பயப்படக் காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 2011 முதல், தெரிந்தே மாநிலத்தின் பிரீஎம்ப்ஷன் சட்டத்தை மீறும் உள்ளாட்சி அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம்; கவர்னர் பதவியையும் பறிக்கலாம். வழக்குப் போட்டவருக்கு 1,00,000 டாலர் வரை நஷ்டஈடு கிடைக்கலாம். 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனைகள் செல்லும் என்றது. பூங்காவில் சுடக்கூடாது என்ற பழைய விதியைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் விட்டதற்கே டாலஹாசி நகரத்தின் மேல் வழக்கு வந்தது. 2017-இல் நகரம் ஜெயித்தது. மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவரை மன்றத்தில் அவர் போட்ட ஒரு ஓட்டுக்காகத் தனிப்பட்ட முறையில் தண்டிப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

ராஜா, நியூஜெர்சி: ஊருக்கு ஒரு சட்டம் என்றால், காரில் போகிறவன் எல்லை தாண்டியதும் குற்றவாளி ஆகிவிடுவானே?

நியாயமான கேள்வி. மாநிலங்கள் சொல்லும் வாதங்களில் வலுவானது இதுதான். கொலராடோ இதற்கு வழி செய்தது: செய்வது குற்றம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தால்தான் ஊர்ச் சட்டப்படி தண்டிக்கலாம். என்னைக் கேட்டால், மாநிலம் அடித்தளம் போடட்டும். மேலே எத்தனை மாடி என்பதை ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

ப்ரியா, சியாட்டில்: எங்கள் நகரம் மட்டும் எப்படித் துப்பாக்கிக்கு வரி போட்டது?

அது வரி, கட்டுப்பாடு இல்லை என்பதால். ஒரு துப்பாக்கிக்கு 25 டாலர், தோட்டாவுக்கு 2 அல்லது 5 சென்ட் என்று 2015-இல் போட்டார்கள். 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பக்கத்து எட்மண்ட்ஸ், துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று போட்ட சட்டத்தை அது கட்டுப்பாடு என்பதால் 2022-இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது.

செல்வி, டல்லாஸ்: அப்படியென்றால் அந்த அம்மா எங்கே போய்ப் பேசுவது?

மாநிலத் தலைநகர் ஆஸ்டினில். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கும், அதிகபட்சம் 140 நாள். மசோதா கமிட்டி விசாரணைக்கு வரும் நாளில் நேரில் போய்ப் பெயர் பதிவு செய்தால் சில நிமிடம் பேசலாம். நகர மன்றத்தையும் விட வேண்டாம்: "இந்த அதிகாரத்தை எங்களுக்குத் தாருங்கள்" என்று மாநிலத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் போட மன்றத்துக்குத் தடை இல்லை.