சால்மனுக்கு ஸ்ட்ரீமர் கட்டும்போது முள்ளை மாற்றிக்கொள்ளும்படி கட்டலாமா? நேரடியாக முள்ளிலேயே கட்டுவதுதான் சரியா?

மாற்றும்படியே கட்டுங்கள். ஸ்ட்ரீமர் என்பது இறகும் ரோமமும் வைத்துச் சின்ன மீன்போலக் கட்டும் பெரிய ஃப்ளை, அதாவது தூண்டிலுக்கான செயற்கை இரை. சால்மனுக்காக நான் கட்டும் ஸ்ட்ரீமர் எதிலும் இப்போது முள் நிரந்தரமாக இருப்பதில்லை.

"முள்ளைத் தனியாக மாட்டினால் அது ஃப்ளையே இல்லை என்று ஒருவர் சொன்னார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே பேச்சை ஆற்றங்கரையில் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் இதை நேற்று வந்த குறுக்குவழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழாயின் மேல் இறகைக் கட்டி முள்ளைத் தனியே வைக்கும் ட்யூப் ஃப்ளை, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1945 வாக்கில் வந்தது. ப்ளேஃபேர் நிறுவனத்தில் ஃப்ளை கட்டிக்கொண்டிருந்த வின்னி மொராவ்ஸ்கி என்ற பெண்மணிதான் அதைத் தொடங்கியவர் என்று பரவலாகச் சொல்வார்கள். ரிச்சர்ட் வாடிங்டன் பெயரில் வழங்கும் உலோகத் தண்டும் அட்லாண்டிக் சால்மனுக்காக வந்ததுதான். அதிலும் முள் பின்னால் தனியாகத்தான் தொங்கும். பசிபிக் கரையில் எட் வார்ட் முதலானவர்கள் ஸ்டீல்ஹெட்டுக்கு (கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரௌட்) உருவாக்கிய இன்ட்ரூடர் என்ற ஃப்ளையும் இதே வழியில் வந்தது. இவ்வளவையும் ஃப்ளை இல்லை என்று ஒதுக்கிவிட்டால் சால்மன் பெட்டியில் மிச்சம் என்ன இருக்கும்?

நீங்கள் ட்ரௌட்டுக்குச் சின்ன ஃப்ளைகள் கட்டிப் பழகி, இப்போது சால்மன் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இளம் நீர்ப்பூச்சிபோலக் கட்டும் சின்ன நிம்ஃப் ஒன்று சில நிமிட வேலை. முனை மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கட்டலாம். ஸ்ட்ரீமர் அப்படி இல்லை. மான் வால் ரோமம், மராபூ என்ற மென்மையான இறகு, முயல் தோல் பட்டை, மினுமினுப்பு இழை என்று ஒவ்வொன்றாக அளந்து வைத்து முடிக்க நேரம் பிடிக்கும். அதில் முதலில் கெடுவது முள்தான். கல்லில் பட்டு முனை போகும், கடல் நீரில் துருப்பிடிக்கும், பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும். இறகு புதிதுபோல இருக்கும்போது முள்ளுக்காக முழு ஃப்ளையையும் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

எனக்கு இது உறுதியானது ஒரு இலையுதிர்காலத்தில். ஆற்றில் கோஹோ, சம் என்ற இரண்டு வகை சால்மனும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் உயரமான கல் மேடு. பின்வீச்சு கொஞ்சம் தாழ்ந்தாலும் ஃப்ளை கல்லில் போய் அடிக்கும். என்னோடு வந்த நண்பர் எல்லாவற்றையும் நீளத்தண்டு முள்ளில் கட்டியிருந்தார், அவ்வளவு அழகாக. மதியத்துக்குள் அவர் பெட்டியில் நல்ல முனையோடு இருந்த ஃப்ளைகள் தீர்ந்துவிட்டன. அரம் வைத்துத் தீட்டிப் பார்த்தார். முனை உடைந்தபின் தீட்டி என்ன பயன்? எனக்கும் கல் பட்டது. ஒரு பெரிய ஆண் சம் என் முள்ளை நிமிர்த்தியும் விட்டது. ஃப்ளையின் பின்னால் முள்ளைப் பிடித்திருக்கும் கண்ணியைத் தளர்த்தி அந்த முள்ளைக் கழற்றினேன், பையிலிருந்து புதியதை மாட்டினேன். லீடரில், அதாவது ஃப்ளையைக் கட்டும் முனை நூலில், முடிச்சைக்கூடத் தொடவில்லை. அதே ஃப்ளையில் சாயங்காலம் ஒரு கோஹோ வந்தது. பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீனுக்கு வெட்டுவதுபோலக் கொழுப்புத் துடுப்பு (முதுகில் வாலுக்கு அருகே உள்ள சின்னத் துடுப்பு) வெட்டப்படாத இயற்கை மீன், அதனால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளை உருவி விட்டேன்.

அன்றைக்கு நான் முள் மாற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மடுவின் தலைப்பில் இறங்கி, வீசி, ஃப்ளை நீரோட்டத்தில் குறுக்கே வந்து முடிந்ததும் ஓரிரு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை. பின்னால் வருகிறவர் முன்னவருக்கு மேலே, நீர் வரும் பக்கத்தில் இறங்கவேண்டும். ஒருவர் வந்தார், நான் நிற்பதைப் பார்த்தார், எனக்கு நேர் கீழே, நான் அடுத்து வீசவேண்டிய தண்ணீரில் போய் நின்றுகொண்டார். கேட்டதற்கு "நீங்கள்தான் சும்மா நின்றீர்களே" என்றார். கையில் முள்ளும் ஃப்ளையுமாக நிற்பது சும்மா நிற்பதா? மீன் போனது பெரிதில்லை. ஒருவர் பொறுமையாக இறங்கிவந்த மடுவை இப்படி வெட்டுவது கரையில் இருக்கும் எல்லோரையும் அவமதிப்பது. முள்ளைத் தனியாக மாட்டுவது மரபு மீறல் என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் இவரேதான்.

சரி, கட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது கண்ணி முறை. முன்பக்கம் காது (நூல் கோக்கும் வளையம்) உள்ள உலோகத் தண்டு ஒன்று, 25 முதல் 40 மில்லிமீட்டர் நீளம் போதும். தண்டு கிடைக்காவிட்டால் மலிவான நேர்க்காது முள்ளில் கட்டி முடித்துவிட்டு அதன் வளைவை வெட்டி எடுத்துவிடலாம். வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். கண்ணிக்கு 50 பவுண்ட் இழுப்பைத் தாங்கும் வகைப் பின்னல் கயிறு, அல்லது நைலான் பூசிய மெல்லிய கம்பி. எனக்குக் கம்பி பிடிக்கும். கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் முள் தொங்கிப்போகாமல் நேராக நிற்கும்.

கண்ணியின் இரண்டு காலையும் தண்டின் மேல் படுக்கவைத்து நெருக்கமாக நூல் சுற்றுங்கள். நுனிகளை முன்காதுக்குள் விட்டு அடியில் திருப்பி, மறுபடியும் சுற்றிப் பசை வையுங்கள். திருப்பிக் கட்டாமல் விட்டால் பெரிய மீன் இழுக்கும்போது கண்ணி உருவிக்கொண்டு போக வாய்ப்புண்டு. பசை மட்டும் அதைத் தாங்காது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணி, முள்ளின் காதுக்குள் நுழைந்து, முழு முள்ளையும் சுற்றித் திரும்பிவரும் அளவுக்கு மட்டும் நீளம் இருக்கவேண்டும். அதற்குமேல் வேண்டாம். கண்ணி நீளமானால் முள் ரோமத்தில் சிக்கும், ஃப்ளை பக்கவாட்டில் சாய்ந்து ஓடும். கண்ணியைக் காதுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறீர்கள் என்பதை வைத்து முனை மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும். கல் நிறைந்த அடித்தளத்தில் எனக்கு மேலே பார்க்கவேண்டும்.

முள்ளை மாட்டிவைத்து ரோமத்தின் நீளத்தை அளந்துகொண்டு, அப்புறம் கழற்றிவிட்டுக் கட்டுங்கள். வால் முள்ளின் வளைவைத் தாண்டி வெகுதூரம் போகக்கூடாது. ஆற்றில் ஏறும் சால்மன் இரை தேடித் தின்பதை நிறுத்திவிட்டது; எரிச்சலிலோ பழைய பழக்கத்திலோ கடிக்கிறது. பல நேரம் வாலை மட்டும் கொத்தும். முள் பின்னால் இருப்பதன் பலன் அங்கேதான். மராபூவுக்கு முன்னால் டப்பிங்கை (நூலில் முறுக்கிச் சுற்றும் ரோம இழையை) உருண்டையாகச் சுற்றிக்கொண்டால், நீரோட்டத்தில் இறகு ஒட்டிப்போகாமல் விரிந்து நிற்கும். அதிக ரோமம் தேவையே இல்லை.

முள் விஷயத்தில் ஆக்டோபஸ் வகைக் குட்டைத்தண்டு முள்ளைப் பாருங்கள். கோஹோவுக்கு 2-ஆம் அளவு, பெரிய சினூக் சால்மனுக்கு அதைவிடப் பெரிய 1/0 அளவு. நீளத்தண்டு முள் மீன் திமிறும்போது கடப்பாரைபோல நெம்பிக்கொண்டு வாயிலிருந்து வெளியே வந்துவிடும். குட்டை முள்ளுக்கு அந்த நெம்புதல் குறைவு. மாட்டுவதற்கு முன் முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள். வழுக்கினால் அது வேண்டாம்.

ட்யூப் முறையும் நல்லதுதான். லீடர் குழாய்க்குள் போய் முள்ளில் நேராகக் கட்டப்படுவதால், மீன் மாட்டியதும் ஃப்ளை பெரும்பாலும் நூலில் மேலே நழுவிவிடும், பல்லில் அரைபடாது. ஆனால் முள்ளை மாற்ற ஒவ்வொரு முறையும் முடிச்சை வெட்டவேண்டும். குளிரில் விரைத்த விரலோடு அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ட்யூபில் கட்டுகிறவர்கள் கோபிக்கவேண்டாம், செம்புக் குழாய் ஆழமான மடுவில் இறங்குவதுபோல என் தண்டுகள் இறங்குவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு என்று யாராவது கீழே எழுதுவார்கள். அறும்தான், பார்க்காமல் விட்டால். சம் சால்மனின் பல் கயிற்றைப் பிய்த்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கண்ணியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ மடிந்தோ இருந்தால் அந்த ஃப்ளையை அன்றைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் மீன்பிடிக்கும் இடத்தின் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். உதாரணமாக பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் ஒற்றை முள்தான், அதுவும் எதிர்ப்பல் (முனைக்குக் கீழே பின்பக்கம் நீட்டியிருக்கும் சின்னப் பல்) இல்லாததாக இருக்கவேண்டும். வாடிங்டன் காலத்து மும்முள் அங்கே நடக்காது. எதிர்ப்பல் உள்ள முள்தான் கையில் இருக்கிறது என்றால், மாட்டுவதற்கு முன்பே இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்குங்கள். அதில் முனை உடைந்தாலும் போவது ஒரு முள் மட்டும்தான்.