ஒரு கட்டுரைக்கு ஒரே பிரதி: இதழ் தயாரிப்புக்கு எந்த மென்பொருள் போதும்?

கேள்வி: நாங்கள் 64 பக்கங்கள் கொண்ட, மாதமிருமுறை வெளிவரும் தமிழ் இதழ் ஒன்றை நடத்துகிறோம். ஆசிரியர் குழுவில் ஆறு பேர், பக்க வடிவமைப்பாளர்கள் இருவர். கட்டுரைகள் வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. சிலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். சென்ற இதழில், மெய்ப்புப் பார்த்துத் திருத்திய கட்டுரை இருக்க, திருத்தாத பிரதி அச்சாகிவிட்டது. பெரிய பத்திரிகைகள் வைத்திருக்கும் மென்பொருளை நாங்களும் வாங்க வேண்டுமா, குறைந்த செலவில் வழி உண்டா?

பதில்: பெரிய மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். யாருடைய கவனக்குறைவாலும் சென்ற இதழில் அந்தத் தவறு நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே கட்டுரை எழுதியவரின் மின்னஞ்சலிலும், உதவி ஆசிரியரின் கணினியிலும், வாட்ஸப் குழுவிலும், வடிவமைப்பாளரின் பக்கத்திலும் தனித்தனியாக உயிரோடு இருந்தால், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று எத்தனை பெயர் வைத்தாலும் ஒருநாள் தவறான கோப்புதான் பக்கத்துக்குப் போகும். இதழாசிரியப் பணிக்கான மென்பொருள் அடிப்படையில் செய்வது இரண்டே வேலைகள். எந்த நேரத்திலும் ஒரு கட்டுரைக்கு ஒரே பிரதிதான் இருக்கும், அதில் ஒருவர்தான் கைவைக்க முடியும் என்பது ஒன்று. எந்தக் கட்டுரை யாரிடம், எந்த நிலையில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பது மற்றொன்று.

நெதர்லாந்து நிறுவனமான வுட்விங்கின் ‘ஸ்டுடியோ’, மிலன் நகரத்து ஐடோஸ்மீடியாவின் ‘மெத்தோட்’ போன்றவை கட்டுரை, படம், பக்கம் அனைத்தையும் ஒரு தரவுத்தளத்தில் வைத்து, ஒருவர் வேலையை முடித்ததும் அடுத்தவரின் வரிசைக்கு அதைத் தாமாகவே அனுப்பிவிடும். இரவுக்கு இரவு பல பதிப்புகள் அச்சேறும் நாளிதழுக்கு அவை தேவை. சோர்ஸ்ஃபேப்ரிக் உருவாக்கிய ‘சூப்பர்டெஸ்க்’ திறமூல மென்பொருள்; உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வரைப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்பதால் எட்டுப் பேர் கொண்ட அலுவலகத்துக்கு அதுவும் சுமைதான்.

நீங்கள் ஏற்கெனவே பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பக்கம் கட்டுகிறீர்கள் என்றால், அதனோடு இணைந்து இயங்கும், கட்டுரையைத் திருத்துவதற்கான ‘இன்காப்பி’யை ஆசிரியர் குழுவுக்கு வாங்கிக் கொடுங்கள். அதன் சந்தா இன்டிசைனைவிட மிகவும் குறைவு. வடிவமைப்பாளர் பக்கத்தில் இடம் ஒதுக்கி, கட்டுரையைத் தனிக் கோப்பாக அலுவலகத்தின் பொதுக் கோப்புறைக்கு ஏற்றுமதி செய்வார். உதவி ஆசிரியர் தம் கணினியில் இன்காப்பியில் பக்கக் கோப்பைத் திறந்து, கட்டுரையைத் திருத்த எடுத்துக்கொண்ட நொடியிலிருந்து அந்தக் கட்டுரை மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டுவிடும். அவர்கள் படிக்கலாம், திருத்த முடியாது. அதே நேரத்தில் வடிவமைப்பாளர் படத்தை நகர்த்தலாம், பத்தியின் அகலத்தை மாற்றலாம். கட்டுரை எத்தனை வரி மிகையாக இருக்கிறது என்பது திருத்துபவரின் திரையிலேயே தெரிவதால், “நாலு வரி வெட்டிக் கொடுங்க சார்” என்று வடிவமைப்பாளர் எழுந்து வர வேண்டியதில்லை. திருத்தி முடித்துத் திருப்பி வைத்ததும், பக்கம் பழையதாகிவிட்டது என்ற குறி வடிவமைப்பாளருக்குத் தோன்றும், அவர் புதுப்பித்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைத் தள்ளிப்போட்டால் எந்த மென்பொருளும் உதவாது. கட்டுரைகள் முழுவதும் யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறைக்கு, மாற வேண்டும். பாமினியில் ‘க’ என்று நீங்கள் பார்ப்பது கணினிக்கு ஆங்கில ‘எஃப்’. ‘அ’ என்பது ‘எம்’. அதனால் தேடல் வேலை செய்யாது. எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு யூனிகோடாக்கும்போது, இடையில் ஆங்கிலத்தில் எழுதிய சொற்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். எனவே மாற்றுவது ஒருமுறை, கட்டுரை உள்ளே வரும் வாசலில், ஒருவர் பொறுப்பில் நடக்கட்டும். மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் அடுத்த கட்டத்துக்கு விடாதீர்கள். இன்டிசைனில் யூனிகோடு தமிழை இட்டதும் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பத்திப் பாணியில் (பத்தியின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ‘பாராகிராஃப் ஸ்டைல்’) இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வு செய்யப்படவில்லை என்று பொருள். பாணியிலேயே அதை அமைத்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்ற வேண்டியிருக்காது. தலைப்புக்கு மட்டும் பழைய எழுத்துரு இருக்கட்டும் என்று வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள்; பெரிய எழுத்தில் நிற்கும் பிழைதான் எல்லோர் கண்ணுக்கும் தப்புகிறது.

அடுத்து, நிலைகள். வந்தது, செம்மையாகிறது, பக்கத்தில், மெய்ப்பில், அச்சுக்குத் தயார் என்ற ஐந்து போதும். கூகுள் ஷீட்டில் கட்டுரைக்கு ஒரு வரி, யாரிடம் இருக்கிறது என்று ஒரு பெயர். நான் முன்பு வேலை பார்த்த வார இதழ் ஒன்றில், ஓர் அஞ்சலிக் கட்டுரையில் மறைந்தவரின் பிறந்த ஆண்டு தவறாக இருந்ததை ஆசிரியர் காகித மெய்ப்பில் சிவப்பு மையால் திருத்தினார். வடிவமைப்பாளர் பக்கத்தில் மாற்றினார், அச்சில் சரியாக வந்தது. இணையத்தில் ஏற்றியவர் மின்னஞ்சலில் வந்த பழைய பிரதியை எடுத்ததால் அங்கே தவறான ஆண்டே நின்றது, குடும்பத்தார் தொலைபேசியில் அழைக்கும்வரை. காகிதத்தில் மெய்ப்புப் பார்ப்பதை விட வேண்டாம். நான் இன்றும் காகிதத்தில்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தத் திருத்தம் இன்காப்பிக் கோப்பில்தான் ஏற வேண்டும், இணையத்துக்கும் அங்கிருந்தே எடுக்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் சிதைந்து வரும்.

இன்காப்பிக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது கோப்பைப் பூட்டுமே தவிர, பழைய வடிவங்களைச் சேமித்து வைக்காது. ஆகவே பொதுக் கோப்புறையைத் தினமும் தேதியிட்டுப் பிரதியெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கோப்புறை அலுவலகத்தின் உள் வலையமைப்பில் இருக்கட்டும். டிராப்பாக்ஸ் போன்றவற்றில் பூட்டு தாமதமாகப் போய்ச் சேர்வதால் இருவர் ஒரே நேரத்தில் திருத்திவிடும் வாய்ப்பு உண்டு. இன்டிசைனும் இன்காப்பியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்; ஒருவர் மட்டும் புதுப்பித்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் கோப்பு திறக்காமல் போகலாம்.

முதல் இதழிலேயே 64 பக்கங்களையும் மாற்றாதீர்கள். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) ஒன்றை, அதிலும் முன்கூட்டியே முடியும் தொடர்கள் உள்ள ஃபாரத்தை, புதிய முறையில் செய்து பாருங்கள். கட்டுரையைத் திருப்பி வைக்காமலே ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவது நிச்சயம் நடக்கும். கட்டுரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பூட்டுக் கோப்பை நீக்கினால் அது திறந்துவிடும்; ஆனால் அவர் சேமிக்காமல் விட்ட திருத்தங்கள் போய்விடக்கூடும். ஆகவே அதை நீக்கும் அதிகாரம் பொறுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவரும் உரியவரை ஒரு முறை தொலைபேசியில் கேட்ட பிறகே நீக்கட்டும்.