அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டிஏவாக (டீச்சிங் அசிஸ்டென்ட், கற்பித்தல் உதவியாளர்) பாடம் எடுக்கும்போது, வகுப்பைக் கெடுக்கும் மாணவர்களை எப்படிக் கையாள்வது?

கேள்வி கேட்டவர் ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎச்டி சேர்கிறார், கூடவே டிஏ வேலை. வாரம் இரண்டு டிஸ்கஷன் செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் 25 இளங்கலை மாணவர்கள், 50 நிமிடம். பேராசிரியரின் விரிவுரையை ஒட்டிச் சிறு குழுவாக நடக்கும் வகுப்பு இது. ஓயாமல் பேசுகிறவனை வெளியே அனுப்பலாமா, மார்க்கில் கை வைக்கலாமா என்று கேட்கிறார்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் வெளியேறச் சொல்லும் உரிமை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பாடம் எடுப்பவருக்கு உண்டு. அடுத்த வகுப்புக்கும் வராதே என்று சொல்லும் உரிமை கிடையாது. மார்க்கில் கை வைக்கவே வேண்டாம். சிலபஸில் (பாடத்தின் விதிகளும் மார்க் முறையும் எழுதிய தாள்) இல்லாத காரணத்துக்காக அரை மார்க் குறைத்தாலும், மாணவர் கிரேடு அப்பீல், அதாவது மார்க்கை எதிர்த்து முறையீடு, போட்டால் நிற்காது. ஐடி கார்டைப் பிடுங்கி வைப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி ஹெச்ஓடி கையெழுத்து வாங்கிவரச் சொல்வது, இன்டர்னல் மார்க் மிரட்டல், அப்பாவைக் கூட்டிவா என்பது என்று நம் ஊர்க் கல்லூரியில் பார்த்துப் பழகிய எதுவும் அங்கே செல்லாது. கடைசியாகச் சொன்னது சட்டச் சிக்கலாகவே ஆகிவிடும். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற மாணவர் தனியுரிமைச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. பெற்றோரே போன் செய்தால்கூட, "இதைப் பற்றி நான் பேச முடியாது" என்று சொல்லிப் பேராசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

எது கலாட்டா, எது இல்லை என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். முன் நாற்காலி மேல் காலைத் தூக்கிப் போடுவது, பர்கர் தின்பது, கேட்காமல் எழுந்து பாத்ரூம் போவது, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, "மூன்றாவது வரியில் தப்பு இருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொல்வது, இதெல்லாம் அங்கே அன்றாட நடப்பு. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அடுத்தவர் படிப்பதை அது கெடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கெடுக்கவில்லை என்றால் கண்டுகொள்ளாதீர்கள். வேதியியல் லேபில் மட்டும் கதை வேறு. சாப்பாடும், கண்ணாடி போடாமல் நிற்பதும் பாதுகாப்பு விஷயம் என்பதால் அங்கே உடனடியாகக் கறாராக இருக்கலாம், இருந்தே ஆகவேண்டும்.

செமஸ்டர் தொடங்கும் முன் பேராசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். பாடத்துக்கு முழுப் பொறுப்பு அவருடையது. நீங்கள் அவர் சார்பில் நிற்கிறீர்கள். மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பிலிருந்து ஒருவரை அனுப்ப எனக்கு அனுமதி உண்டா? மார்க் தகராறு வந்தால் முடிவு யாருடையது? பங்கேற்புக்கு மார்க் உண்டா, எதை வைத்து? பேசியதன் சாரத்தை அன்றே அவருக்கு ஒரு இமெயிலாக அனுப்பிவிடுங்கள். பின்னால் யாராவது கேட்டால் "பேராசிரியர் சொன்னார்" என்பதற்கு ஆதாரம் அதுதான்.

சிலபஸ் அங்கே ஏறத்தாழ ஒப்பந்தப் பத்திரம் போலத்தான் நடத்தப்படுகிறது. அதில் இல்லாத விதியை அக்டோபரில் கொண்டுவந்தால் எதிர்ப்பு வரும், நியாயமாகவே. ஆகவே செக்‌ஷனுக்கென்று ஒரு பக்கம் எழுதி, பேராசிரியர் ஒப்புதலுடன் கேன்வாஸில் (பாடத்துக்கான இணையதளம்) முதல் நாளே ஏற்றுங்கள். பங்கேற்புக்கு 5 முதல் 10 சதவீதம் வைத்தால் போதும். ஆனால் அது அளக்கக்கூடியதாக இருக்கவேண்டும். "நன்னடத்தை" என்று எழுதினால் வம்பு. "வாரம் ஒரு கணக்கைக் குழுவாகச் செய்து வகுப்பு முடிவில் தாளைக் கொடுக்கவேண்டும்" என்று எழுதினால் யாரும் வாயைத் திறக்க முடியாது. வராதவனுக்கும், வந்து வேலை செய்யாதவனுக்கும் அந்த மார்க் தானாகவே போய்விடும். நீங்கள் யாரையும் தண்டித்ததாக ஆகாது.

சலசலப்பு எப்போது எழுகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. போர்டு பக்கம் திரும்பி நான்கு நிமிடம் எழுதிக்கொண்டே இருக்கும்போது, தாள் விநியோகிக்கும்போது, புரொஜெக்டர் வேலை செய்யாமல் கேபிளைத் திருகிக்கொண்டிருக்கும்போது. மாணவர் கையில் வேலை இல்லாத நேரம்தான் பேச்சு நேரம். எனவே அவர்கள் உள்ளே நுழையும்போதே போர்டில் ஒரு கணக்கு எழுதியிருக்கட்டும். முதல் 5 நிமிடம் அதைச் செய்து கொடுப்பதற்கு மார்க் வையுங்கள். தாமதமாக வந்து முன்வாசல் வழியாக நடந்துபோகும் கூட்டம் இரண்டே வாரத்தில் குறைந்துவிடும். போர்டில் எழுதும்போது பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். முடியாவிட்டால், அறையில் டாக்குமெண்ட் கேமரா (தாளில் எழுதுவதைத் திரையில் காட்டும் கருவி) இருந்தால், உட்கார்ந்தபடி வகுப்பைப் பார்த்துக்கொண்டே எழுதலாம்.

பெயர்களை இரண்டாம் வாரத்துக்குள் மனப்பாடம் செய்யுங்கள். முதல் நாள் கெட்டித் தாளை மடித்துப் பெயர் எழுதி மேசையில் வைக்கச் சொல்லி, முடிவில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவும் அதிலேயே கிடைத்துவிடும். பெயர் தெரிந்த ஆசிரியர் முன் பேச்சு குறைகிறது.

நண்பர் கூட்டம் ஒரே மூலையில் உட்கார்ந்து அரட்டை அடித்தால், அவர்களைப் பெயர் சொல்லிப் பிரிக்காதீர்கள். மூலையிலிருந்து வரிசையாக 1 முதல் 6 வரை எண்ணச் சொல்லுங்கள், மறுபடியும் 1, 2 என்று தொடரட்டும். ஒரே எண்காரர்கள் ஒரு குழு. 25 பேருக்கு நால்வர் குழு ஐந்தும் ஐவர் குழு ஒன்றும் வரும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வெவ்வேறு எண் விழுவதால் கூட்டம் தானாகக் கலையும். யாரையும் குறிவைத்ததாகத் தெரியாது.

அதையும் மீறிப் பேசினால் வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டு மூன்று, நான்கு நொடி சும்மா நில்லுங்கள். புது ஆசிரியர்கள் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் மறுபடி தொடங்கிவிடுவதால்தான் இது பலிப்பதில்லை. அடுத்தது, பேசிக்கொண்டே அவர்கள் மேசை அருகே போய் நின்று பாடத்தைத் தொடர்வது. கத்துவதும் கிண்டல் அடிப்பதும் வேண்டாம். கிண்டலுக்கு 24 பேர் சிரிப்பார்கள். சிரிக்காத அந்த ஒருவர் செமஸ்டர் முழுக்க உங்களை எதிர்ப்பார்.

லேப்டாப், போன் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. "லேப்டாப்பே கூடாது" என்று அறிவிக்கும் முன் யோசியுங்கள். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990ஆம் ஆண்டின் ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்குத் தகுந்த ஏற்பாடு தரச் சொல்கின்றன. லேப்டாப்பில் குறிப்பெடுக்க அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர் இருப்பார். எல்லோருக்கும் தடை போட்டால், அவர் ஒருவர் மட்டும் திறந்து வைத்து எல்லோர் கண்ணிலும் படுவார். திரை பயன்படுத்துவோர் கடைசி இரண்டு வரிசையில் உட்காரட்டும் என்றால் பிரச்சினை தீர்ந்தது. அடிக்கடி எழுந்து போகிறவர், விட்டு விட்டு ஒலி எழுப்புகிறவர் விஷயத்திலும் இதே நிதானம் தேவை. வகுப்பில் வைத்துக் காரணம் கேட்காதீர்கள். தனியாகவும் நோய் என்ன என்று கேட்கக் கூடாது.

எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் ஒருவர் ஒவ்வொரு செக்‌ஷனிலும் இருப்பார். கெட்ட எண்ணம் இருக்காது. கேள்வி கேட்டதும் "இரண்டு நிமிடம் எழுதுங்கள், பிறகு பேசுவோம்" என்றால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அரசியல் கருத்தை இழுத்து வருகிறவரை, கருத்துக்காகக் கண்டிக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு. "இன்றைய பாடம் இது, அதை ஆபீஸ் அவர்ஸில் பேசலாம்" (மாணவர்கள் தனியாக வந்து சந்திக்க ஒதுக்கிய நேரம்) என்று நேரத்தையும் பாடத்தையும் காட்டி நிறுத்துவது உங்கள் உரிமை.

உச்சரிப்பைக் கேலி செய்தால்? பாதி உண்மையான குறை, பாதி குறும்பு. குறையைச் சரிசெய்தால் குறும்புக்கு ஆள் சேராது. முக்கியச் சொற்களையும் எண்களையும், குறிப்பாக 15, 50 போன்றவற்றை, சொல்லும்போதே எழுதிக் காட்டுங்கள். வேகத்தைக் குறையுங்கள். நம் பழக்கத்தில் 'ரப்பர்' கேட்டால் அங்கே ஆணுறை என்று வகுப்பு கொல்லென்று சிரிக்கும், 'இரேசர்' கேளுங்கள். "புரியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், திரும்பச் சொல்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, நடித்துக் காட்டுகிறவனைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். இனத்தை இழுத்துப் பேசினால் மட்டும் விடக்கூடாது. "அது இந்த வகுப்பில் ஏற்கத்தக்கது அல்ல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்; அன்றே எழுதி வையுங்கள்.

மெய்யான சண்டைகள் பெரும்பாலும் மார்க்கில்தான் வெடிக்கின்றன. திருத்திய தாளை வகுப்புத் தொடக்கத்தில் கொடுத்தால் அந்த 50 நிமிடம் போச்சு. கடைசி இரண்டு நிமிடத்தில் கொடுங்கள், அல்லது கிரேட்ஸ்கோப் என்ற இணையத் திருத்தும் தளத்தில் வெளியிடுங்கள். முதல் 24 மணி நேரத்துக்கு மார்க் பற்றிப் பேச்சு இல்லை, அதன்பின் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் மட்டும், தாள் முழுவதும் மறுபடி திருத்தப்படும், மார்க் இறங்கவும் செய்யலாம் என்ற விதி சிலபஸில் இருக்கட்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் வேலை செய்கிறது. சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று வருகிறவர்கள் அதைப் படித்ததும் நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் முறையும் தொல்லை தொடர்ந்தால் தனியாகப் பேசவேண்டும். வகுப்பு முடிந்து வராந்தாவிலோ, கதவு திறந்த அறையிலோ பேசுங்கள். கோபத்தில் இருப்பவருடன் மூடிய அறையில் உட்காராதீர்கள். மூன்று வாக்கியம் போதும். நான் பார்த்தது இது. அதனால் மற்றவர்களுக்கு இப்படி ஆகிறது. அடுத்த வகுப்பில் எனக்கு வேண்டியது இது. பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இரவு ஷிப்ட் வேலை, பாடமே புரியாத பயம் என்று ஏதாவது வெளியே வரும். ஆலோசனை மையத்தின் இணைப்பைக் கொடுக்கலாம், நீங்களே ஆலோசகர் ஆகிவிடாதீர்கள். அன்று மாலையே, பேசியதையும் ஒப்புக்கொண்டதையும் நான்கு வரியில் மாணவருக்கு இமெயில் அனுப்பி, பேராசிரியருக்கு நகல் போடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால்தான் வெளியேறச் சொல்வது. அமைதியாக, ஒரே முறை: "இன்றைக்கு வகுப்பை விட்டுப் போங்கள், நாளை பேசலாம்." போகவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். தொடாதீர்கள், பையை எடுக்காதீர்கள், வாசலை மறிக்காதீர்கள். வகுப்பையே கலைத்துவிட்டுப் பேராசிரியருக்குச் சொல்லுங்கள். நிரந்தரமாக நீக்குவதை, மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகம் விசாரித்துத்தான் செய்யும். இந்த நடைமுறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகத்தில் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை விசாரணையே இல்லாமல் அரசுக் கல்லூரி நீக்கியது. அறிவிப்பும், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தராமல் நீக்கக்கூடாது என்று 1961இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அரசுக் கல்லூரிகளுக்கான தீர்ப்பு. தனியார் பல்கலைக்கழகங்களில் மாணவர் கையேட்டில் உள்ள விதிகள் பேசும்.

மிரட்டல், ஆயுதம், கை ஓங்குதல் என்றால் மேலே சொன்ன படிகள் எதுவும் கிடையாது. நேராக அவசர எண் 911. கேம்பஸ் போலீசின் சாதாரண எண்ணையும் முதல் நாளே போனில் சேமித்து வையுங்கள். மிரட்டலாகச் சொல்ல முடியாது, ஆனால் மனதை உறுத்துகிறது என்ற வகை இன்னொன்று: கட்டுரையில் திரும்பத் திரும்ப வன்முறை, சாவு பற்றிய பேச்சு, திடீரென்று மாறிய நடவடிக்கை. இதற்கென்று கேர் டீம் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ ஒரு குழு இருக்கும், இணையப் படிவத்திலேயே தெரிவிக்கலாம். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக்கில் 32 பேரைச் சுட்டுக்கொன்ற மாணவரைப் பற்றி ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் முன்பே கவலை தெரிவித்திருந்தார்கள். தகவல்கள் தனித்தனி அலுவலகங்களில் கிடந்தன, தனியுரிமைச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. ஃபெர்பா, உரிய பொறுப்பில் இருக்கும் பல்கலைக்கழக அலுவலர்களிடம் சொல்வதைத் தடுக்கவில்லை. ஆபத்து நேரத்துக்கு வேறு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. சக டிஏக்களுடன் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிப் புலம்புவதுதான் தப்பு.

குறிப்பு எழுதும்போது தேதி, நேரம், அறை எண், சொன்ன சொற்கள் அப்படியே, யார் இருந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், இவ்வளவுதான். "திமிர் பிடித்தவன்", "மனநிலை சரியில்லை" போன்றவை வேண்டாம். மாணவர் தன் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் பல்கலைக்கழகம் 45 நாளுக்குள் காட்டியாகவேண்டும். உங்கள் இமெயிலும் அதில் இருக்கலாம். "10:20, 10:31, 10:40 மூன்று முறை உரக்கப் பேசினார், இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன்" என்பது யார் படித்தாலும் நிற்கும்.

பெண் டிஏக்களுக்கு: உடை, உருவம் பற்றிய பேச்சு, இரவு நேர மெசேஜ் வந்தால் அது வகுப்பு ஒழுங்குப் பிரச்சினை அல்ல, பாலியல் தொல்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டத்துக்கான அலுவலகம் ஆசிரியரின் புகாரையும் வாங்கும். சொந்த போன் எண்ணை மாணவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

புகார் போய், விசாரணை முடிந்து அந்த மாணவர் வகுப்புக்குத் திரும்பினால், பழையபடி பெயர் சொல்லி வரவேற்றுப் பாடத்தைத் தொடங்குங்கள். நடந்ததை வகுப்பில் பேசாதீர்கள். அவருடைய இறுதித் தேர்வுத் தாளை இன்னொரு டிஏவிடம் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பெயரை மறைத்துத் திருத்தும் வசதியை கேன்வாஸில் இயக்கிவிடுங்கள். பழிவாங்கி மார்க் குறைத்தார் என்ற பேச்சுக்கு அப்போது இடமே இருக்காது.